போவாரா, இருப்பாரா? - ரவீந்திர ஜடேஜாவும் ஆட்டக்காரர் உரிமையின் வரலாறும்

2025 நவம்பர் 15 அன்று ஐ.பி.எல். நிர்வாகம் வெளியிட்ட அறிவிப்பின்படி ரவீந்திர ஜடேஜா சென்னை சூப்பர் கிங்ஸ் அணியிலிருந்து ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். இங்கிலாந்து ஆல்ரவுண்டர் சாம் கரனும் அவரோடு சேர்த்து அனுப்பப்பட்டார். பதிலுக்கு ராஜஸ்தானின் கேப்டனாக இருந்த சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய் ஒப்பந்தத்துடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கு முந்தைய சில மாதங்களாகக் கருமத்தம்பட்டி நால்ரோட்டு டீக்கடை முதல் சேப்பாக்கம் வரை பேசப்பட்ட கேள்வி "சஞ்சு ராஜஸ்தானை விட்டு வருவாரா?" என்பதுதான். ஜடேஜா போவாரா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. சென்னைக்கு 12 பருவங்கள் ஆடியவர், மூன்று கோப்பைகள் வென்றவர், ரசிகர்களால் 'தளபதி' என்று அழைக்கப்பட்டவர் ஆயிற்றே. அவர் பெயர் கடைசிக் கட்டத்தில்தான் பேச்சில் நுழைந்தது.

'போவாரா' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். போவதும் இருப்பதும் அந்த வீரரின் கையில் இருப்பது போல அது ஒலிக்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் ஒரு நட்சத்திர வீரரின் ஒப்பந்தம் முடிந்து அவர் 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆகும்போது, அதாவது எந்த அணிக்கும் கட்டுப்படாதவர் ஆகும்போது, இந்தக் கேள்விக்கு உண்மையிலேயே பொருள் உண்டு. இந்தியக் கிரிக்கெட்டில் அதே கேள்வியை யாரிடம் கேட்பது? வீரரிடமா, அணி முதலாளியிடமா, வாரியத்திடமா? இதற்கு விடை தேட ஜடேஜாவின் வரலாற்றை விட நல்ல பாடம் கிடைக்காது. ஏனெனில், தன் விருப்பப்படி அணி மாற முயன்றார் என்பதற்காக ஒரு முழுப் பருவம் தண்டிக்கப்பட்டவர் அவர்.

பாக்கி என்னும் கயிறு

அமெரிக்காவுக்குப் போவதற்கு முன் கொங்கு நாட்டுத் தறிக்கூடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள்தான் அதிகம். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார்; தறிக்காரர் நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். தறி அவருடையது, நூல் அவருடையதல்ல. கூலி உயர்வு கேட்டு ஆண்டாண்டாக நடந்துவரும் வேலைநிறுத்தங்கள் எல்லாம் இந்த இடத்தில் பிறந்தவைதான்.

கிழக்கே பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் இன்னொரு வழக்கம் உண்டு. தறி ஓட்ட வரும் தொழிலாளிக்கு முதலாளி ஒரு தொகையை முன்பணமாகக் கொடுப்பார். அதற்குப் 'பாக்கி' என்று பெயர். அதை அடைக்காமல் தொழிலாளி வேறு தறிக்குப் போக முடியாது. போக விரும்பினால், புது முதலாளி பழைய முதலாளிக்குப் பாக்கியைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிப் போக வேண்டும். தொழிலாளியின் கடன் அப்படியே புது இடத்துக்கு இடம் மாறும். உலகக் கால்பந்தில் கோடிக்கணக்கில் பேசப்படும் 'டிரான்ஸ்ஃபர் தொகை'க்கும் இதற்கும் உருவத்தில் அதிக வேறுபாடு இல்லை.

பாக்கியை வெறும் அடிமைத்தனம் என்று எழுதிவிடுவதும் சரியாகாது. ஆள் கிடைக்காமல் தறிக்காரர்கள் தேடி அலையும் காலத்தில், கை தேர்ந்த தொழிலாளி பாக்கியைக் கூட்டிக் கேட்டு வாங்குவார். அது அவருடைய பேரம். வேலை குறைந்துபோன காலத்தில் அதே பாக்கி காலைக் கட்டும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர் இதற்கு எதிர்த் துருவம். ஒரு ஆர்டர் முடிந்ததும் கூலி நன்றாக இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். அவரைத் தடுக்க யாருமில்லை. வேலை இல்லாத மாதத்தில் அவரைத் தாங்கவும் யாருமில்லை.

கட்டுண்ட கைக்கும் கட்டற்ற கைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பேஸ்பால் கதை எளிதாகப் புரியும்.

கையெழுத்துப் போடாமல் ஆடியவர்கள்

1879 முதல் அமெரிக்க பேஸ்பால் முதலாளிகள் 'ரிசர்வ்' விதி என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் மீதான உரிமை பழைய அணிக்கே. அணி விரும்பினால் புதுப்பிக்கலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். வீரருக்கு இரண்டே வழி: சொன்ன இடத்தில் ஆடுவது, அல்லது ஆட்டத்தையே விடுவது. 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகபோக வணிகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டதால் முதலாளிகளைக் கேட்பாரில்லை.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, 12 ஆண்டுகள் தனக்கு ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற வீரரைப் பிலடெல்பியா அணிக்கு மாற்றியது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஃப்ளட் கறுப்பினத்தவர், ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கியவர். அவர் போக மறுத்தார். தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருள் அல்ல என்ற கருத்தில் பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு சம்பளம் வாங்கிக்கொண்டு அடிமை என்று பேசலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, சம்பளம் அதிகமானாலும் அடிமை அடிமைதான் என்று பதில் சொன்னார்.

வழக்கு 1972 ஜூனில் 5-3 என்ற கணக்கில் தோற்றது. 1970 பருவம் முழுவதையும் அவர் இழந்திருந்தார். 1971-இல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்துவிட்டு விலகினார். அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

ஆனால் பொறி அணையவில்லை. ஆட்டக்காரர் சங்கத்துக்கு மார்வின் மில்லர் என்ற தொழிற்சங்கவாதி தலைமை ஏற்றிருந்தார். உருக்குத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த அவர் ரிசர்வ் விதியை எழுத்தெழுத்தாகப் படித்தார். ஒப்பந்தத்தை அணி 'ஓராண்டு' நீட்டிக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. அந்த ஓராண்டு ஒவ்வொரு ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் என்பது முதலாளிகள் சொன்ன விளக்கம். 1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், மாண்ட்ரியாலின் டேவ் மெக்னாலி ஆகிய இரு பந்துவீச்சாளர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே களமிறங்கினார்கள். ஆண்டு முடிந்ததும் "நீட்டிப்பு முடிந்தது, இனி நாங்கள் யாருக்கும் சொந்தமில்லை" என்று வாதிட்டார்கள். நடுவர் பீட்டர் சைட்ஸ் 1975 டிசம்பர் 23 அன்று அதை ஏற்றுக்கொண்டார். முதலாளிகள் உடனே அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. ஆறு ஆண்டுகள் ஆடி முடித்தவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற விதி 1976-இல் உருவானது. 1975-இல் ஏறக்குறைய 45,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம் 1980-இல் 1,43,000 டாலரைத் தாண்டியது.

அந்த உரிமையின் இன்றைய உயரத்தை 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ காட்டினார். நியூயார்க் யாங்கீஸ் 16 ஆண்டுகளுக்கு 76 கோடி டாலர் தர முன்வந்தும் அவர் அதே ஊரின் மெட்ஸ் அணியைத் தேர்ந்தெடுத்தார். 15 ஆண்டுகள், 76.5 கோடி டாலர். தொகை மலைக்க வைப்பதுதான். ஆனாலும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தத் தொகை அல்ல, 'தேர்ந்தெடுத்தார்' என்ற வினைச்சொல்.

2010: ஜடேஜா செய்த குற்றம்

குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியைச் சேர்ந்தவர் ஜடேஜா. தந்தை தனியார் நிறுவனம் ஒன்றில் காவலாளி. 2008-இல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் விராட் கோலி கேப்டன், ஜடேஜா துணைக் கேப்டன். அதே ஆண்டில் ஐ.பி.எல். தொடங்கியது. பெரிய வீரர்களுக்கு ஏலம் நடந்தது. இந்த இளைஞர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. டெல்லி அணி தன் ஊர்ப் பையன் கோலியை விட்டுவிட்டுப் பிரதீப் சங்வானை எடுத்தது அப்போதுதான். ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போனார். ஷேன் வார்ன் அவரை 'ராக்ஸ்டார்' என்று அழைத்தார். முதல் கோப்பையையே ராஜஸ்தான் வென்றது, அதுவும் இறுதிப் போட்டியில் சென்னையைத் தோற்கடித்து.

2009 தொடக்கத்தில் ஜடேஜா இந்திய அணிக்கும் வந்துவிட்டார். சந்தையில் அவருடைய மதிப்பு ஏறிவிட்டது என்பது அவருக்கும் தெரியும், மற்ற அணிகளுக்கும் தெரியும். 2010 பருவத்துக்கு முன் ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திடாமல் வேறு அணிகளுடன் நேரடியாகப் பேரம் பேசினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. மும்பை இந்தியன்ஸ் பெயர் அதில் அடிபட்டது. ஐ.பி.எல். நிர்வாகம் அவரை அந்தப் பருவம் முழுவதும் ஆடவிடாமல் தடை செய்தது. அப்போது அவருக்கு வயது 21.

மெஸ்ஸர்ஸ்மித் செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இருவரும் புதுப்பிப்புத் தாளில் கையெழுத்திடவில்லை. ஒருவருக்குப் பின்னால் சங்கம் இருந்தது, ஒப்புக்கொண்ட நடுவர் இருந்தார்; அவருக்கு விடுதலை கிடைத்தது. மற்றவருக்கு யாருமில்லை, வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐ.பி.எல்-லில் ஆடத் தகுதியில்லாதவர் என்று ஒதுக்கப்பட்ட அதே ஜடேஜா, அந்தப் பருவம் முடிந்த கையோடு மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த 20 ஓவர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்.

வாரியத்தின் பக்கம் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பணக்கார அணிகள் பருவத்துக்குப் பருவம் மற்றவர்களின் இளைஞர்களைக் கொத்திக்கொண்டு போனால், வார்ன் போன்றவர்கள் சிறு அணிகளில் ஆட்களை வளர்ப்பதற்கு என்ன பயன்? பேஸ்பாலில் ஆறு ஆண்டு வரம்பு வைத்ததற்கும் இதே காரணம்தான் சொல்லப்பட்டது. வேறுபாடு என்னவென்றால் அங்கே ஆறு ஆண்டுக்குப் பின் கதவு திறக்கும் என்று எழுதிவைத்தார்கள். இங்கே அப்படியொரு கதவு வரைபடத்திலேயே இல்லை.

இந்தியச் சட்டம் இதில் முழுக்க ஊமையாகவும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என்கிறது. ஜாகீர் கானின் விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்துவந்த நிறுவனம் ஒன்று, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வேறு யார் என்ன தொகை சொன்னாலும் அதைத் தானே ஈடு செய்து அவரை வைத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று கேட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு இணங்கவில்லை. காலம் முடிந்த ஒப்பந்தம் ஒருவரைப் பிடித்து வைக்க முடியாது என்பதே அதன் சாரம். அது விளம்பர வழக்கு, ஆடுகளம் பற்றியது அல்ல. ஆனாலும் ஐ.பி.எல். ஏலத்தில் வரும் 'ரைட் டு மேட்ச்' அட்டையைப் பார்க்கும்போது அந்த வழக்கு நினைவுக்கு வராமல் இருக்காது.

வாரியத்துக்கு வெளியே ஆடிப் பார்த்தவர்களின் கதையும் அருகில்தான் இருந்தது. 2007-இல் தொடங்கிய ஐ.சி.எல். போட்டியில் சேர்ந்த அம்பதி ராயுடு முதலான வீரர்கள் வாரியத்தின் கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டு, 2009 பொதுமன்னிப்புக்குப் பிறகே திரும்பினார்கள். 21 வயது ஜடேஜா நீதிமன்றப் படி ஏறாததில் வியப்பில்லை.

யாருக்கும் தெரியாத தொகை

2011 ஏலத்தில் கொச்சி அணி ஜடேஜாவை 9,50,000 டாலருக்கு எடுத்தது. வங்கி உத்தரவாதம் கட்டவில்லை என்று அந்த அணியையே அதே ஆண்டு வாரியம் கலைத்துவிட்டது. இப்படியாக 2012 பிப்ரவரி 4 அன்று பெங்களூரில் அவர் மீண்டும் ஏல மேடைக்கு வந்தார்.

அன்று நடந்தது ஐ.பி.எல். வரலாற்றின் விசித்திரமான காட்சிகளில் ஒன்று. ஓர் அணி அந்த ஏலத்தில் செலவிடக்கூடிய உச்ச வரம்பு 20 லட்சம் டாலர். சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஏறிக்கொண்டே போய் அந்த வரம்பைத் தொட்டுவிட்டன. அதற்கு மேல் கேட்க விதி இடம் தராது. அப்போது ரகசிய முறை ஒன்று வந்தது. இரு அணிகளும் தனித்தனியாக ஒரு தொகையை எழுதி உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதிகம் எழுதியவருக்கு வீரர். அந்த அதிகத் தொகை வீரருக்குப் போகாது, வாரியத்துக்குப் போகும். எவ்வளவு என்பதும் வெளியே சொல்லப்படாது. 2010-இல் கீரன் பொல்லார்டும் ஷேன் பாண்டும் இதே முறையில்தான் விற்கப்பட்டார்கள்.

சென்னை வென்றது. ஜடேஜாவுக்கு 20 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல். தனக்காகக் கொடுக்கப்பட்ட முழு விலையும் அவருடைய சம்பளக் கணக்கில் ஏறவில்லை. சோமனூர்க் கூலித் தறிக்காரருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. துணிக்குச் சந்தையில் என்ன விலை கிடைத்தது என்பது வேறு, மீட்டருக்கு என்ன கூலி என்பது வேறு.

இவ்வளவு பெரிய தொகை ஆரம்பத்தில் சுமையாகவும் இருந்தது. 'சர் ஜடேஜா' என்ற கிண்டல் இணையமெங்கும் பரவியது. 2013-இல் தோனியே ட்விட்டரில் அந்தப் பெயரை வைத்து விளையாடினார். கிண்டல் மெல்ல மெல்லப் பாசமாக மாறிய கதை சென்னை ரசிகர்கள் அறிந்ததே.

2015 ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுகள் விலக்கி வைத்தது. அணி செய்த தவறுக்கு ஆட்டக்காரர்கள் இடம் பெயர்ந்தார்கள். டிசம்பரில் புனே அணி தோனியையும் அஸ்வினையும் எடுத்துக்கொள்ள, ராஜ்கோட் அணி ரெய்னாவையும் ஜடேஜாவையும் எடுத்துக்கொண்டது. ராஜ்கோட் ஜடேஜாவின் சொந்தச் சௌராஷ்டிர மண். தன் ஊர் அணிக்கு ஆடும் வாய்ப்பு அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. அவர் கேட்டு வாங்கியதல்ல.

2018-இல் சென்னை திரும்பியபோது மூன்று பேரைத் தக்கவைத்தது: தோனி 15 கோடி, ரெய்னா 11 கோடி, ஜடேஜா 7 கோடி. தமிழ்நாட்டு மண்ணின் மைந்தனான அஸ்வின் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் ஏலத்துக்குப் போய் 7.6 கோடிக்குப் பஞ்சாபுக்குச் சென்றார். பிறகு டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு 2025 பருவத்துக்கு 9.75 கோடிக்குச் சென்னை வந்தார். "அஸ்வின் சென்னையை விட்டுப் போனார்" என்று எழுதுபவர்கள் உண்டு. அவர் எங்கே போனார்?

இரு பந்துகளுக்கு முன்னும் பின்னும்

2022 பருவத்துக்குச் சென்னை முதல் இடத்தில் தக்கவைத்தது ஜடேஜாவைத்தான். அவருக்கு 16 கோடி, தோனிக்கு 12 கோடி. மார்ச் 24 அன்று கேப்டன் பொறுப்பும் வந்தது. எட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி. ஏப்ரல் 30 அன்று பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு விலா எலும்புக் காயம், பருவம் முடிந்தது. அணி தொடர்பான படங்களைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து அவர் நீக்கியதாகச் செய்தி வந்ததும் "ஜடேஜா போகிறாரா?" என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பியது.

பேஸ்பாலில் ஆறு ஆண்டு முடித்த வீரர் என்றால் அந்த மனத்தாங்கல் ஒரு பேரமாக மாறியிருக்கும். ஐ.பி.எல். ஒப்பந்தம் அப்படியல்ல. பெரிய ஏலத்துக்கும் அடுத்த பெரிய ஏலத்துக்கும் நடுவே, வேண்டாமென்றால் அணி அவரை ஆண்டு முடிவில் விடுவிக்கலாம். அவர் விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான். முடிவு அணியின் கையில். சென்னை விடவில்லை. அவரும் இருந்தார்.

2023-இல் இன்னொரு விதமான சங்கடம். ஜடேஜா ஆட வந்தாலே அரங்கம் அடுத்து வரப்போகும் தோனியின் பெயரைச் சொல்லிக் கத்தியது. தான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என்று அவரே பரிசளிப்பு நேரத்தில் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்புக்குள் எவ்வளவு இருந்தது என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

பிறகு அகமதாபாத் இறுதிப் போட்டி. மே 29 மாலை தொடங்கிய ஆட்டம் மழையால் நீண்டு மறுநாள் அதிகாலையில் முடிந்தது. குஜராத் அணிக்காகத் தமிழ்நாட்டு இளைஞர் சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 ரன் எடுத்தார். 15 ஓவரில் 171 என்று இலக்கு மாற்றப்பட்டது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை. மோகித் சர்மாவின் பந்துகளை ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி என்று அனுப்பினார். தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். சென்னைக்கு ஐந்தாவது கோப்பை.

அந்த இரவில் 96 அடித்த சாய் சுதர்சனின் ஐ.பி.எல். சம்பளம் 20 லட்சம் ரூபாய். அதற்குச் சில மாதம் முன்பு டி.என்.பி.எல். ஏலத்தில் லைகா கோவை கிங்ஸ் அவரை 21.6 லட்சத்துக்கு எடுத்திருந்தது. ஆக, உலகின் பணக்காரப் போட்டி கொடுத்ததை விடக் கோயமுத்தூர் அணி கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தது! 2025 பருவத்துக்குக் குஜராத் அவரை 8.5 கோடிக்குத் தக்கவைத்தது. அதுவரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏலத்தால் வாழ்ந்தவர்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுக் கூலித் தொழிலாளியின் மகனான நடராஜனை 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2018-இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2022-இல் 4 கோடி. 2025 பருவத்துக்கு டெல்லி 10.75 கோடி. 3 கோடியிலிருந்து 40 லட்சத்துக்கு இறங்கி மறுபடி ஏறிய இந்தக் கணக்கைப் பார்த்தால் திருப்பூர் டெய்லரின் நல்ல மாதமும் கெட்ட மாதமும் நினைவுக்கு வரும். எந்த ஊருக்குப் போகிறோம் என்பது மட்டும் ஒருமுறையும் அவரிடம் கேட்கப்படவில்லை.

2024 பெரிய ஏலத்துக்கு முன் ரிஷப் பந்த் டெல்லியில் தங்காமல் ஏலத்துக்கு வந்தது ஓரளவு 'ஃப்ரீ ஏஜென்ட்' சாயல் கொண்டது. லக்னோ 20.75 கோடி கேட்டது. டெல்லி ஈடு செய்யும் அட்டையை நீட்டியது. லக்னோ 27 கோடிக்குத் தாவியது. பழைய அணியை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. புதிய அணி எது என்று சொல்ல முடியவில்லை. ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் விலகிய இங்கிலாந்தின் ஹாரி புரூக்குக்கு 2025-இல் இரண்டு ஆண்டுத் தடை விழுந்தது. 2010-இன் நிழல் இன்னும் நீளமாகவே இருக்கிறது.

கையெழுத்து

2025-இல் சஞ்சு சாம்சன் ராஜஸ்தானை விட்டு விலக விரும்புகிறார் என்று ஆகஸ்டிலேயே செய்திகள் வந்தன. அவருடைய ஒப்பந்தம் 2027 வரை. எனவே அவரைப் பெற விரும்பும் அணி பதிலுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். பாக்கியைக் கட்டிக் கூட்டிப்போகும் கதைதான். சென்னை கொடுத்த பாக்கி ஜடேஜாவும் கரனும்.

1969-இன் கர்ட் ஃப்ளட்டுக்கு இல்லாத ஒன்று ஜடேஜாவுக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.பி.எல். பரிமாற்ற விதியின்படி வீரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அவரை மாற்ற முடியாது. அவரிடம் கேட்டார்கள், அவர் கையெழுத்திட்டார். இருதரப்பும் பேசி எடுத்த முடிவு என்று சென்னை நிர்வாகம் தெரிவித்தது. ஆனால் "உன்னைக் கொடுத்துவிட்டு இன்னொருவரை வாங்க விரும்புகிறோம்" என்று அணியே சொன்ன பிறகு மறுத்துவிட்டு அங்கேயே இருப்பது எந்த ஆட்டக்காரருக்கு எளிது? சம்பளமும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. கரனின் 2.4 கோடியைச் சேர்த்தால் ராஜஸ்தானுக்குள் வந்தது 16.4 கோடி; வெளியே போனது சாம்சனின் 18 கோடி.

இதற்கெல்லாம் எதிராகப் பேசத் தற்போது ஆடும் இந்திய வீரர்களுக்குச் சங்கம் இல்லை. 2019-இல் வாரியம் அங்கீகரித்த கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஓய்வு பெறாத இந்தியர் வெளிநாட்டு 20 ஓவர் போட்டிகளில் ஆடவும் வாரியம் அனுமதிப்பதில்லை. அஸ்வின் 2025 ஆகஸ்ட் 27 அன்று ஐ.பி.எல்-லிலிருந்தும் விலகிய பிறகுதான் சிட்னி தண்டர் அணியுடன் தானே பேசி ஒப்பந்தம் செய்ய முடிந்தது. எந்த ஊரில் ஆடுவது என்று அவர் தேர்ந்தெடுத்தபோது வயது 39 நெருங்கியிருந்தது. முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தில் அங்கே ஆடவும் முடியவில்லை.

ஜடேஜா ராஜஸ்தானுக்குத் திரும்பியபோது 37-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. 2010-இல் எந்த அணியின் தாளில் கையெழுத்திடாததற்காகத் தடை பெற்றாரோ அதே அணி. இந்த ஒப்பந்தச் சுழற்சி 2027 பருவத்துடன் முடிகிறது. அப்போது அவருக்கு 38 வயது.